இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கையெழுத்து

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. இரண்டு முறை பதில் எழுத உட்கார்ந்தேன்; இரண்டு முறையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்ததும் கையெழுத்துப் போடும் அந்தச் சார்ட்டைப் பற்றி நீ எழுதியிருந்த பத்தியிலேயே நின்றுவிட்டேன். இரவு 10, 12, 2, 4 என்று நான்கு கட்டங்களிலும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். விடியற்காலையில் டூட்டியை ஒப்படைக்கும் அவசரத்தில் ஒரே மூச்சில் போட்ட கையெழுத்துகள் என்று பார்த்தவுடனே உனக்குத் தெரிந்திருக்கிறது. மூன்றாம் நாள் அந்த மூதாட்டியின் இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண்ணாகத் தோல் உரிந்து சிவந்திருந்ததையும் நீதான் முதலில் பார்த்திருக்கிறாய். விளக்கம் கேட்டு, கையெழுத்துப் போட்ட செவிலியரான அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கடிதம் போய்விட்டது. அவள் வேலையை விட்டுவிடப் போவதாகச் சொல்கிறாள். "நான் அவளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லையா" என்று நீ என்னைக் கேட்கிறாய்.

அன்றிரவு அவள் பொறுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஓரமாக எழுதியிருந்தாய். இருபத்திரண்டு பேர். அதை நீ முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

பொய்யாகப் போட்ட கையெழுத்து தவறுதான். அதை நான் மழுப்பப் போவதில்லை. நோயாளியின் உடம்பைப் பற்றிய தாளில் நடக்காததை எழுதினால் அடுத்த டூட்டிக்கு வருகிறவள் அதை நம்பி ஏமாறுவாள். ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார். படுத்த படுக்கையாக ஆறு பேர் என்று எழுதியிருக்கிறாய். ஒருவரைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். டியூபை நகர்த்தி, விரிப்பை இழுத்துச் சரிசெய்து, முதுகுக்கும் முழங்கால்களுக்கு இடையிலும் தலையணை கொடுத்து, நனைந்திருந்தால் துணி மாற்றி முடிக்கப் பத்து நிமிடமாவது பிடிக்கும். ஆறு பேருக்கு ஒரு மணி நேரம். இரவில் நான்கு சுற்று என்றால் இரண்டு ஆட்களுக்குத் தலா நான்கு மணி நேரம். அங்கே இருந்ததோ அவளும், பக்கத்து வார்டோடு பங்கு போட்டுக்கொண்ட ஓர் உதவியாளரும்தான். அதற்கு நடுவில் ஆபரேஷன் முடிந்து வந்தவர் ஒருவர், மூச்சுத் திணறலோடு ஒருவர், மருந்து வேளை இரண்டு. செய்ய முடியாத வேலைக்குக் கையெழுத்துக் கேட்டுத்தான் அந்தத் தாள் அவளிடம் நீட்டப்பட்டது.

2006இல் அமெரிக்காவில் பியாட்ரிஸ் காலிஷ் என்ற செவிலிய ஆய்வாளர் வார்டில் வேலை செய்கிறவர்களையே கூட்டி உட்கார வைத்து, வழக்கமாக எந்த வேலை விட்டுப்போகிறது என்று கேட்டார். அவர்கள் சொன்னதில் ஒன்பது வகைகள் தேறின. நோயாளியை நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, நேரத்துக்குச் சாப்பிட வைப்பது, உடம்பைச் சுத்தம் செய்வது, வீட்டுக்குப் போனபின் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது, பக்கத்தில் நின்று ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவது எல்லாம் அதில் இருந்தன. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாம் வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாமல் நினைத்துக்கொண்டிருந்த அதே வேலைகள் அவை. ஊசியும் மருந்தும் விட்டுப்போனால் கேட்க ஆள் உண்டு. வாய் கொப்பளிக்க வைக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. அதனால் நேரம் போதாதபோது முதலில் கழன்று விழுவது அதுதான்.

நான் இப்போது செய்துகொண்டிருப்பதும் இதே வகை ஆய்வு. ஷிப்ட் முடிந்து கிளம்பும் செவிலியரிடம் பெயர் கேட்காத ஒரு தாளைக் கொடுக்கிறேன். இன்று எதெல்லாம் செய்ய முடியாமல் போனது என்று அவர்கள் டிக் செய்து பெட்டியில் போட வேண்டும். போன வாரம் ஒரு தாளின் ஓரத்தில், நாங்கள் அச்சடித்த எந்தக் கட்டத்திலும் அடங்காமல், "ஏழாம் படுக்கை அம்மாவுக்குத் தலை பின்னிவிடவில்லை" என்று எழுதியிருந்தது. அதை எந்த எண்ணாக மாற்றுவது என்று தெரியாமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். தலை சிக்குப் பிடித்துப் படுத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி, பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்து முடித்த இன்னொரு பெண் வருத்தப்பட்டிருக்கிறாள். என் படிவத்தில் அதற்கு இடமில்லாதது என் ஆய்வின் குறை. அடுத்த அச்சில் வெறும் கோடுகளாக அரைப்பக்கம் விட்டிருக்கிறேன்.

படுக்கைப்புண் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் படித்த காலத்தில் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு முதுகைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோவோமே, நினைவிருக்கிறதா? டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயச் செவிலியர் 1962இலேயே வயதான நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், எதைப் பூசுகிறோம் என்பதைவிட அழுத்தத்தை விடுவிப்பதுதான் முக்கியம் என்று காட்டிவிட்டார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், புரளும் திறன், சிறுநீர் மலக் கட்டுப்பாடு என ஐந்தையும் சேர்த்து 20 மதிப்பெண்ணுக்குக் கணக்கிட்டு, 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் புண் வரலாம், கவனம் என்று முதல் அளவுகோலைக் கொடுத்தவரும் அவர்தான். எலும்பு துருத்தும் இடத்தில் தேய்க்கவே கூடாது என்பது இன்றைய வழிகாட்டுதல். அந்த ஆய்வு நம் வகுப்பறைக்கு வந்து சேர எத்தனை வருடம் ஆகியிருக்கிறது பார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்ற கணக்கையும் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்த 942 பேரை 2, 3, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று மூன்று பிரிவாக்கிப் புரட்டினார்கள். மூன்று வாரத்தில் புண் வந்த அளவில் பிரிவுகளுக்குள் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இதைக் கேட்டு அவசரப்பட்டுவிடாதே. அவர்கள் எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தியான ஃபோம் மெத்தையில். நடுவில் பள்ளம் விழுந்து கட்டிலின் கம்பி முதுகில் தட்டும் உன் வார்டு மெத்தைக்கு அந்த முடிவு பொருந்தாது. ஆகவே மேலிடத்தில் நீ கேட்க வேண்டிய முதல் பொருள் மெத்தை. அது வந்தபின், யாருக்கு எத்தனை மணி நேர இடைவெளி போதும் என்பதை ஆளைப் பார்த்து, தோலைப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம். நல்ல ஆய்வு வேலையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை, வேண்டாத வேலையைக் கையிலிருந்து எடுத்துவிடவும் அதனால் முடியும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மெத்தைக்கு அடுத்தது ஆள். அதைக் கேட்கப் போகும்போது கையில் எண்ணோடு போ. பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 பேரின் பதிவுகளையும் 10,184 செவிலியரின் பதில்களையும் சேர்த்து ஆராய்ந்து லிண்டா ஐக்கனும் அவர் குழுவும் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. அதே ஒரு நோயாளி கூடும்போது செவிலியர் மனம் சோர்ந்து நொடிந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. பிறகு ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்து 2014இல் எழுதினார்கள்; அங்கும் அதே 7. நான்கு பேர், எட்டுப் பேர் என்றுதான் அவர்கள் ஒப்பிட்டார்கள், தோழி. இருபத்திரண்டு அந்த ஆய்வின் எல்லைக்குள்ளேயே வரவில்லை.

பணம் எங்கே என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல் பகலில் நான்கு பேருக்கு ஒருவர், இரவில் ஏழு பேருக்கு ஒருவர் என்று சட்டம் போட்டது. நடைமுறைக்கு வந்த மருத்துவமனைகளையும் வராதவற்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வந்தது. நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதிலும், திரும்பவும் சேர்க்க வேண்டிவராததிலும் மிச்சமான தொகை, கூடுதல் செவிலியருக்கு ஆன செலவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த ஒரு வரியைத் தனித் தாளில் எழுதி எடுத்துப்போ.

என் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கண்ணாடி மாற்றினேன், முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மாணவிகளுக்கு ஆய்வு முறை வகுப்பு எடுக்கிறேன். வார்டை விட்டுவந்த குறை மட்டும் தீரவில்லை. போன மாதம் கையில் கடிகாரமும் தாளுமாக ஒரு வார்டில் நின்று, செவிலியர் எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் செலவிடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி டிரிப் பாட்டில் மாற்றினாள். நான் "டிரிப், 2 நிமிடம்" என்று எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தால், பாட்டிலைத் தொங்கவிட்ட கையாலேயே அவள் அந்த மனிதரின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், குளிர்ந்திருக்கிறதா என்று. வாய் அவர் மகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தது. கண் அடுத்த படுக்கைக்காரரின் நெஞ்சு ஏறி இறங்குவதில் இருந்தது. நான்கு வேலைகள், ஒரே இரண்டு நிமிடம். என் தாளில் ஒரு கட்டம். இப்படி எழுதப்பட்ட கணக்கை வைத்துத்தான் ஒரு வார்டுக்கு எத்தனை பேர் போதும் என்று யாரோ முடிவு செய்கிறார்கள் என்று நினைத்தபோது கை நடுங்கியது. அன்றைய பதிவுகள் முழுவதையும் ஒதுக்கிவிட்டு, ஒரே நேரத்தில் நடப்பதையும் சேர்த்துக் குறிக்க வேறு முறை வகுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் அடுத்த படுக்கையைப் பார்த்த பார்வை எனக்கு உன்னை நினைவூட்டியது. நாம் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பதினான்காம் படுக்கை வாத்தியார். "ஒரு மாதிரியாக இருக்கிறது, சிஸ்டர்" என்று என்னிடம் சொன்னார். பி.பி. பார்த்தேன், பல்ஸ் பார்த்தேன், இரண்டும் சரியாக இருந்தன. தூங்குங்கள் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ டூட்டிக்கு வந்து, அவர் படுக்கையருகே நின்று, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினாய். முப்பத்திரண்டு. டாக்டரை எழுப்பி வரவழைத்தாய். அவர் பிழைத்து, நடந்து வீட்டுக்குப் போனார்.

நான் எழுதிய சார்ட்டில் மூச்சுக் கட்டத்தில் என்ன இருந்தது என்று உனக்கு நினைவிருக்கும். 20. எண்ணாமலே எழுதியது. அவருக்கு மட்டுமா, அந்த வார்டில் எல்லோருக்கும் அன்று 20தான். நீ அதைப் பார்த்தாய். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு படுக்கையாக நிறுத்தி, ஒவ்வொருவர் மூச்சையும் முழு நிமிடம் எண்ண வைத்தாய். அன்றிலிருந்து நான் எண்ணாமல் எழுதியதில்லை. நோயாளி மோசமாகப் போவதை முன்கூட்டிக் காட்டும் அடையாளங்களில் முக்கியமானது மூச்சு எண்ணிக்கை, பல இடங்களில் சரியாகக் குறிக்கப்படாததும் அதுவே என்று பின்னால் நான் படித்தேன். நெதர்லாந்தில் செவிலியரின் "ஏதோ சரியில்லை" என்ற கவலையையே ஒன்பது குறிகளாகப் பிரித்து அளவுகோல் ஆக்கியிருக்கிறார்கள். தனக்கு உடம்பு சரியில்லை என்று நோயாளியே சொல்வது அதில் ஒன்று. வாத்தியார் சொன்னது அதைத்தான்.

அந்தப் பெண்ணுக்கு இந்தக் கதையைச் சொல். என் பெயரைச் சொல்லியே சொல், எனக்கு ஆட்சேபணை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி உலகத்துக்கு இன்னும் 58 லட்சம் செவிலியர் தேவை. நம் வகுப்பில் படித்தவர்களில் இன்று எத்தனை பேர் வார்டில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார், எனக்கு ஒரு கை விரலே மிஞ்சுகிறது. மூன்றாம் நாள் நீ அந்தப் புண்ணைக் கண்டபோது அவள் அழுதாள் என்று எழுதியிருக்கிறாய். அழுதவளை நாம் விடக்கூடாது.

அவளுடைய ராஜினாமாக் கடிதத்தை நீ இன்னும் மேலே அனுப்பவில்லை என்றால் அடுத்த வாரம் வரை உன் மேசையிலேயே இருக்கட்டும். ஞாயிறு காலை கூப்பிடுகிறேன். விளக்கக் கடிதத்தை மூவரும் சேர்ந்தே எழுதுவோம். கையெழுத்து பொய் என்பதை அவள் முதல் வரியில் ஒப்புக்கொள்ளட்டும், இரண்டாம் வரியில் அந்த இருபத்திரண்டு வரட்டும். அன்றிரவு டூட்டிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள். படுக்கைவாரியாக யார் யார், என்னென்ன நோய் என்ற விவரமும் வேண்டும்.

மூதாட்டியின் புண் இப்போது எப்படி இருக்கிறது? அளந்து எழுது.

அன்புடன்,
உன் தோழி