எழுத்த பெருசாக்குனா மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குலசேகரம் பக்கத்துல கொஞ்சம் ரப்பர் வச்சிருக்கேன். சுகர் கண்ண பிடிச்சதுல கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து கலங்கித்தான் தெரியுது. நம்ம பேப்பர இப்ப போன்லதான் பாக்கேன், முதல்ல தேடுதது ரப்பர் விலை. ஆர்எஸ்எஸ் 4, ஆர்எஸ்எஸ் 5ண்ணு ரப்பர் ஷீட்டுக்க கிரேடு அடுத்தடுத்து இருக்கும், ரெண்டு விரல் வச்சு விரிச்சா ரூபாய் நல்லா பெருசா வருது ஆனா அது எந்த கிரேடுக்க விலைண்ணு உள்ளது இடது பக்கம் ஸ்கிரீன விட்டு போயிரும், அங்க தள்ளுனா ரூபாய் போயிரும். செய்தியும் அப்படித்தான், ஒவ்வொரு வரிக்கும் வலது பக்கம் இழுத்துட்டே போணும், திரும்பி வந்தா எந்த வரில விட்டோம்ணு பிடி கிடைக்காது.

செட்டிங்ஸ்ல ஃபாண்ட் சைஸ கூட்டுங்கண்ணு எல்லாரும் சொல்லுதாவ. கூட்டியாச்சு. வாட்ஸ்அப்புல பெருசா வருது, வரியும் ஸ்கிரீனுக்குள்ளயே மடங்கி வருது. ஈ-பேப்பர் பக்கம் முழுக்க படமா இருக்கதால அந்த செட்டிங் அங்க செல்லாது, சரி ஸ்கிரீன்ல உள்ள எழுத்த போனே வாசிச்சு சொல்லுத டாக்பேக் போட்டு காதால கேப்போம்ணா படத்துல அதுக்கு வாசிக்க எழுத்தே இல்ல. உங்க வெப்சைட்டுல எழுத்தாத்தான் இருக்கு, ஆனா வெள்ளைல வெளிறின சாம்பல் கலரு, மெய்யெழுத்துக்க புள்ளியெல்லாம் காணாமப் போவுது. டிசைன் பண்ணுத பிள்ளியளுக்கு நல்ல கண்ணு போல!

வெப்சைட்ட எல்லாராலயும் படிக்க முடியணும்ணு உலக அளவுல டபிள்யூசிஏஜிண்ணு விதிமுறையே இருக்கு. எழுத்த 200 சதவீதம் ஆக்குனாலும் ஒண்ணும் விட்டுப்போவக்கூடாது, எழுத்துக்கும் பின்னால உள்ள கலருக்கும் குறைஞ்சது 4.5க்கு 1 வித்தியாசம் வேணும்ணு 2008லயே சொல்லியாச்சு, குறுக்க இழுக்காம படிக்க முடியணும்ணு 2018ல சேத்தாச்சு. நம்ம நாட்டுலயும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல மின்னணு ஊடகத்த பத்தி இருக்கு.

அச்சுக்கு போவதுக்கு முன்ன செய்தியெல்லாம் உங்ககிட்ட டைப் பண்ணின எழுத்தாத்தானே இருக்கு, பக்கத்துல ஒரு செய்திய தொட்டா அந்த எழுத்து தனியா திறக்குத மாதிரி வச்சா போதும், போன் மிச்சத்த பாத்துக்கும். பிள்ளைய வாசிக்கச் சொல்லுங்கண்ணு பதில் போட்டுராதீங்க, எனக்க மொவன் கல்ஃப்ல இருக்கான். எல்லாத்தையும் ஒரேயடியா மாத்த முடியலண்ணா முதல்ல விலை பகுதிய மட்டும் கட்டம் போடாம கிரேடும் ரூபாயும் ஒரே வரில வாறமாதிரி எழுத்தா போடுங்க, மத்தது பெறவு பாப்போம்.

இப்படிக்கு,
ஒரு ரப்பர் விவசாயி,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்