பங்கு குறையவில்லை, முறைதான் பிந்துகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸ் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஷெட்யூலர், அதாவது எந்தப் பணி எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் பகுதி, எல்லாப் பணிகளையும் சமமாக நடத்த வேண்டுமானால், கணினியின் முன் அமர்ந்திருப்பவர் சற்று மந்தத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று முடிந்திருந்தது. இயங்குதளப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரே கோர் (ஒரு நேரத்தில் ஒரு பணியை ஓட்டும் செயலி அலகு) கொண்ட கணினியில் நான்கு கம்பைல் பணிகளும் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றுபவை) ஒரு பாட்டு இயக்கியும் ஓடுகின்றன என்று கொள்வோம். சமப் பங்கு என்றால் இயக்கிக்கு 20 சதவீதம் கிடைக்கும். அதற்கு உண்மையில் தேவைப்படுவது அதில் பாதிகூட இராது. ஆனால் ஒவ்வொரு பணியும் 3 மில்லிவிநாடி ஓடிவிட்டு அடுத்ததற்கு இடம் விடும் எளிய சுற்று முறையில், இயக்கி 12 மில்லிவிநாடி வரை காத்திருக்க நேரிடும். விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் 256 மாதிரிகள் கொண்ட ஒலி பஃபர் (ஒலிக்கக் காத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பு) ஏறத்தாழ 5.3 மில்லிவிநாடியில் தீர்ந்துபோகும். பாட்டு விட்டு விட்டுக் கேட்கும். இங்கே பங்கு குறையவே இல்லை, முறை வருவதுதான் பிந்தியது. முறைவைத்து நீர் விடும் வாய்க்காலில் அளவு சரியாக இருந்தும், நாள் தள்ளி வந்த தண்ணீரால் நாற்று கருகுவதைப் போன்றது இது. எவ்வளவு என்பதும் எப்போது என்பதும் வெவ்வேறு கேள்விகள். கட்டுரையாளர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

வரலாறும் அவர் கூற்றுக்கு மாறாகவே இருக்கிறது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலின் ஷெட்யூலர், ஒரு பணி எவ்வளவு நேரம் தூங்குகிறது என்பதைக் கொண்டு அது பயனரோடு உறவாடும் பணியா என்று ஊகித்துச் சலுகை அளித்தது. ஊகம் தவறும்போது கணினி திணறியது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, தொழிலால் மயக்கவியல் மருத்துவரான கான் கொலிவாஸ், இத்தகைய ஊகங்களைக் கைவிட்டு நேர்மையாகப் பங்கிட்டாலே மேசைக் கணினி சீராக ஓடும் என்று தம் ஷெட்யூலரால் காட்டினார். அக்கருத்தின் உந்துதலை வெளிப்படையாக ஒப்புக்கொண்டே கெர்னல் நிரலாளர் இங்கோ மோல்னார் சிஎஃப்எஸ் (முற்றிலும் நேர்மையான ஷெட்யூலர் என்று பொருள்படும் பெயரின் சுருக்கம்) ஷெட்யூலரை எழுத, அது 2007 அக்டோபரில் 2.6.23 பதிப்பில் இடம்பெற்றது. அதாவது அன்று பயனரின் சிரமத்தைக் குறைக்க முன்வைக்கப்பட்ட வழியே சமநீதிதான். கொலிவாஸின் சொந்த நிரல் சேர்க்கப்படாமல் போனது எனக்கு இன்றும் வருத்தமே.

யாருக்குச் சமம் என்ற கேள்வியையும் கட்டுரை தொடவில்லை. ஒருவர் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரம்) 64 கம்பைல் பணிகளைத் தொடங்கினால், பணிதோறும் பங்கிடும் ஷெட்யூலர் அவற்றுக்கு 64 பங்கும், அவரே பார்த்துக்கொண்டிருக்கும் படத்துக்கு ஒரு பங்கும் தரும். மைக் கால்பிரைத் எழுதி, 2011 மார்ச்சில் 2.6.38 பதிப்போடு வந்த ஆட்டோகுரூப் என்ற வசதி, ஒரு செஷனின் பணிகளை (ஒரே டெர்மினலில் தொடங்கியவை போன்றவை) ஒரு குழுவாக்கிக் குழுக்களுக்கிடையே பங்கிட்டது. சமநீதி அங்கே கைவிடப்படவில்லை. அதன் அலகு மாறியது. (ஆட்டோகுரூப் இயங்கும்போது, பணியின் முன்னுரிமையைக் குறிக்கும் நைஸ் எண் தன் செஷனுக்குள் மட்டுமே எடுபடும் என்பதை அறியாமல் என் மாணவர்கள் பலர் குழம்பியிருக்கிறார்கள்.)

2023 அக்டோபரில் 6.6 பதிப்புடன் பீட்டர் ஸைல்ஸ்ட்ரா கொண்டுவந்த இஇவிடிஎஃப் என்ற ஷெட்யூலர் முறை, 1995-ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. தன் பங்கை மிஞ்சி ஓடாத பணிகள் மட்டுமே அதில் அடுத்த முறைக்குத் தகுதி பெறும். அவற்றுள் மெய்நிகர் கெடு (ஷெட்யூலர் கணக்கிட்டு வைக்கும் முடிவு நேரம்) யாருக்கு அருகில் இருக்கிறதோ அதுவே முதலில் ஓடும். ஒரு பணி ஒவ்வொரு முறையும் ஓடுவதற்குச் சிறிய கால அளவைக் கேட்டால் அதன் கெடு முன்னதாக வரும், மொத்தப் பங்கோ மாறாது. விரைவாக அழைக்கப்படும் பணி, அதற்கு விலையாக ஒவ்வொரு முறையும் குறைந்த நேரமே ஓடுகிறது. பிறர் பங்கிலிருந்து எதுவும் பறிக்கப்படுவதில்லை.

ஆகவே மந்தத்தைப் பயனர் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தச் சிறிய கால அளவைத் தம் மென்பொருள் கேட்கும்படி எழுத வேண்டிய பொறுப்பு இனி நிரலாளர்களுடையது. அதை எப்படிக் கேட்பது என்று நிரல் வரிகளுடன் விளக்கும் கட்டுரை ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்