கஞ்சிப்புரை அக்காவுக்கு, அப்புறம் எல்லாருக்கும்

போன வாரம் நம் ஸ்கூல் லீடர் தேர்தலில் என்ன ஆனது என்று கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தெரியாதவர்கள் இல்லை. வாட்ஸ்அப்பில் என்னைவிட விவரமாகவே பேசிவிட்டீர்கள். நேற்று சாயங்காலம்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஹெச்.எம். டீச்சர், இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசிய பி.டி.ஏ.காரர்கள், நிஜத் தேர்தலில் டூட்டி பார்த்த பழக்கத்தில் கைச்சட்டையை மடித்துவிட்டு எண்ண உட்கார்ந்த ரிட்டயர்டு வாத்தியார் மாஷ், தமிழ் டிவிஷன் மலையாளம் டிவிஷன் என்று பேச்சு திரும்பியதும் அதட்டி நிறுத்திய அப்பா அம்மாக்கள், எல்லாருக்கும் நன்றி. நேரில் பார்க்கும்போதும் சொல்வேன்.

ஆனால் இந்த மடல், நம் ஸ்கூல் சமையற்கட்டான கஞ்சிப்புரையில் பிள்ளைகளுக்குச் சமைக்கிற அக்காவுக்கு.

எண்ணி முடித்ததும், மணி அடித்துவிடுமே என்ற அவசரத்தில் நாலு ஓட்டு வித்தியாசம் என்று அறிவித்துவிட்டு, சீட்டுகளை அள்ளிக் குப்பைக் கூடையில் கொட்டியது நான்தான். இத்தனைக்கும் அதற்கு முந்தின வாரம் அதே பிள்ளைகளுக்குப் பறவூர்க் கதை சொல்லியிருந்தேன். 1982-ல் நாட்டிலேயே முதல்முறையாக ஓட்டு மெஷின் வைத்தது நம் கேரளத்துப் பறவூரில்தான், 50 சாவடிகளில். 123 ஓட்டில் தோற்றவர் வழக்குப் போட, 1984-ல் உச்ச நீதிமன்றம் மெஷினில் போட்ட ஓட்டு செல்லாது என்றது, அந்தச் சாவடிகளில் காகிதச் சீட்டில் மறுபடி ஓட்டுப் போட்டார்கள், முடிவே மாறிப்போனது. பெரிய தேர்தலில் வழக்குப் போட 45 நாள் அவகாசம் உண்டு என்றும் சொல்லிக்கொடுத்தேன். நான் 45 நிமிஷம்கூடச் சீட்டை வைத்திருக்கவில்லை.

மறுநாள் ஒரு எட்டாம் வகுப்புப் பெண், "சார், அப்ப நம்ம சீட்டு எங்க?" என்று கேட்டாள். கூடை காலி. காகிதம் எல்லாம் அடுப்புக்குப் போகும் என்று எனக்குத் தெரியும், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் கஞ்சிப்புரைக்குப் போனேன். அக்கா பருப்பு கிண்டிக்கொண்டே மேலே கையைக் காட்டினார். பாத்திர அலமாரிக்கு மேல், வாய் கட்டிய அரிசிச் சாக்கு.

"பிள்ளைங்க மடிச்சு மடிச்சுப் போட்ட சீட்டுங்க சார், அடுப்புல வைக்க மனசு வரலைங்க."

வேறு எதுவும் சொல்லவில்லை. என்ன, ஏது என்று கேட்கவும் இல்லை.

இரண்டு வேட்பாளர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணினோம். ஜெயித்தது அதே பிள்ளைதான், வித்தியாசம் மட்டும் இரண்டு. குடைச் சின்னத்துக்கு விழுந்த ஒரு சீட்டை ஜெயித்த கிளிச் சின்னத்தின் கட்டில் சேர்த்தது நான். அதை அசெம்பிளியில் ஒப்புக்கொண்டபோது சில பிள்ளைகள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

அடுத்த வருஷம் சீட்டுகளைப் பெட்டியில் போட்டு, இரண்டு பேர் கையெழுத்தும் வாங்கி, 45 நாள் பூட்டி வைப்பேன். சாவி அக்காவிடம்தான் இருக்கும், இன்று காலை கேட்டும்விட்டேன்.

"அது சரிங்க சார், மொதல்ல அந்தச் சாக்கக் குடுங்க, அரிசி வருது" என்றார்.