கொட்டாம்பட்டி ரோட்டில் என் தம்பியைக் காப்பாற்றியவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு,

மாசி மாதம் ஒரு சாயங்காலம், திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையில் கொட்டாம்பட்டி தாண்டி, பைக்கோடு அடிபட்டுக் கிடந்த ஒரு பையனிடம் உங்களில் சிலர் ஓடி வந்தீர்கள். அவன் என் தம்பி. உயிரோடு இருக்கிறான், காலும் இருக்கிறது. உங்களில் பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இதை எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடித்து வெளியே வந்த மருத்துவர் எங்கள் அம்மாவிடம், "நாங்க செஞ்சதெல்லாம் அப்புறம்தாம்மா. ரோட்டுல இருந்தவங்க ஒழுங்கா பார்த்திருக்காங்க" என்றார். அதன் பிறகுதான் அங்கே என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

டீக்கடை அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. ரத்தக் குழாயும் அறுந்துவிட்டது. பெரியவர்கள் உடம்பிலேயே சுமார் 5 லிட்டர் ரத்தம்தான் ஓடுகிறது. அதில் இரண்டு லிட்டர் போனால் உயிருக்கே ஆபத்து. நீங்கள் கடையிலிருந்த துண்டை மடித்துக் காயத்தில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தீர்கள். துண்டு நனைந்தபோது அதை எடுத்துப் பார்க்காமல் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்தினீர்கள். எடுத்திருந்தால் உறைய ஆரம்பித்த ரத்தம் மறுபடி பெருகியிருக்கும் என்று பிறகு மருத்துவர்கள் விளக்கினார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கவே இல்லையாமே! உங்கள் கை எவ்வளவு வலித்திருக்கும்.

108-க்கு போன் செய்த மாணவிக்கு: இடத்தை நீ தெளிவாகச் சொன்னதால்தான் வண்டி எதிர்ப்பக்கச் சாலைக்குப் போய்ச் சுற்றாமல் நேராக வந்தது. அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் செய்தாய். ஒருவர் சோடா பாட்டிலோடு ஓடி வந்தபோது தடுத்தாய். தம்பி தண்ணீர், தண்ணீர் என்று கெஞ்சியிருக்கிறான். தாகம் என்று கேட்பவனுக்கு இல்லையென்று சொல்வது நம் ஊரில் பாவம். சுற்றி நின்றவர்கள் உன்னைத் திட்டியும் இருக்கிறார்கள். ஆனால் உடனே மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்ய வேண்டிய உடம்பு அது. வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் அதுவே உயிரை எடுத்துவிடும். நீ ஈரத் துணியால் உதட்டை மட்டும் துடைத்துவிட்டதாகத் தம்பி சொல்கிறான். அது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நாமக்கல் லாரி அண்ணனையும் அவரோடு வந்த கிளீனர் தம்பியையும் எங்களால் இதுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. லாரியைப் பின்னால் குறுக்காக நிறுத்தி, விளக்கை மினுக்கவிட்டு, வருகிற வண்டிகளைத் திருப்பிவிட்டீர்கள். அந்த வேகச் சாலையில் அது இல்லையென்றால் உதவிக்கு வந்தவர்களும் அடிபட்டிருப்பார்கள். ஹெல்மெட்டைப் பிடுங்கப் போனவரை நிறுத்தி, கிளீனர் தம்பி தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் ஒரு இழுப்பில் கைகால் செயலிழந்து போயிருக்கும்.

ஆம்புலன்ஸ் கிளம்பியதும் நீங்களும் கிளம்பிவிட்டீர்கள். லாரிக்காரர் என்றாலே கேஸ் தன் மேல் திரும்பும் என்ற பயமாக இருக்கலாம், அதில் தப்பே இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களைக் காக்க உச்ச நீதிமன்றம் 2016-லேயே வழிசெய்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 134ஏ பிரிவும் அதையே சொல்கிறது. பெயரைச் சொல்லும்படிகூட யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. செல்போனில் படம் எடுத்தவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேச இந்தக் கடிதம் இல்லை.

அப்புறம் 108-ல் வந்த மருத்துவ உதவியாளர் சகோதரி. நீங்கள் கட்டிய கட்டையும் மீறி ரத்தம் கசிந்ததும் தொடையில் டூர்னிகெட் பட்டையை, அதாவது ரத்த ஓட்டத்தையே நிறுத்த இறுக்கிக் கட்டுகிற பட்டையை, போட்டு முறுக்கினீர்கள். தம்பி அலறிய அலறலில் கூட்டமே "தளர்த்துங்கம்மா" என்று கத்தியது. நீங்கள் தளர்த்தவில்லை. ரத்தம் நிற்கிற அளவுக்கு இறுக்கினால் அப்படித்தான் வலிக்கும். பாதியில் தளர்த்தினால் பட்ட பாடெல்லாம் வீண். கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுதிவைத்தீர்கள். அதைப் பார்த்துத்தான் கால் எவ்வளவு நேரமாக ரத்தமில்லாமல் இருக்கிறது என்று மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். கழுத்துக்குக் காலரும் காலுக்குச் சிம்பும் கட்டிய பிறகு, வெயில் நேரத்தில் கம்பளி எதற்கு என்று ஒருவர் கேட்டாராம். ரத்தம் போன உடம்பு குளிர்ந்துவிட்டால் ரத்தம் உறைவதே கெட்டுவிடும் என்று போர்த்திக்கொண்டே பதில் சொன்னீர்களாம். வழியெல்லாம் அவனிடம் ஊர், வேலை, அம்மா என்று எதையாவது கேட்டுப் பேச வைத்துக்கொண்டே வந்தீர்கள். 2008-ல் நம் மாநிலத்தில் இந்தச் சேவை தொடங்கியதிலிருந்து எத்தனை வீடுகளில் உங்களைப் போன்றவர்களை நினைத்துக்கொண்டு இருப்பார்களோ! வண்டியை அவ்வளவு வேகத்திலும் குலுங்காமல் ஓட்டிவந்த பைலட் அண்ணனுக்கும் நன்றி.

நீங்கள் முன்கூட்டியே தகவல் கொடுத்ததால் மருத்துவமனையில் உயிராபத்தோடு வருகிறவர்களைப் பார்க்கும் சிவப்புப் பகுதியில் ஆட்கள் தயாராக நின்றார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளிய ஊழியர்கள், ராத்திரி முழுக்க உட்காராத செவிலியர்கள், மற்றொரு காலிலிருந்து ரத்தக் குழாய் ஒன்றை எடுத்து அறுந்த குழாயை இணைத்த மருத்துவர்கள், ரத்தம் கொடுக்க வந்த கல்லூரிப் பிள்ளைகள், ரத்தக்கறையை முகம் சுளிக்காமல் துடைத்த தூய்மைப் பணியாளர் அம்மா, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தம்பிக்கு இப்போது காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் மாட்டியிருக்கிறது. தோல் ஒட்டு பிடித்துவிட்டது. கட்டைவிரலை அசைக்கிறான். வாக்கரோடு நடக்க இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

லாரி அண்ணா, இதை நீங்களோ உங்களைத் தெரிந்தவர்களோ படித்தால், அடுத்த லோடு அந்தப் பக்கம் வரும்போது அதே டீக்கடையில் நிறுத்துங்கள். எங்கள் நம்பர் அக்காவிடம் இருக்கிறது. தம்பி உங்களிடம் பேச வேண்டும் என்கிறான்.

நன்றியுடன்,
அவனுடைய அக்கா