பல் கார்டு எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம். ஹாக்கி போட்டிக்குப் போகும் பிள்ளைகள் மட்டையை மறப்பதில்லை. விட்டுப்போவதெல்லாம் சின்னச் சாமான்தான். முதல் நாள் இரவே பாதத்திலிருந்து தலைவரை அணியும் வரிசையில் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போடட்டும். ஷூ, காலுறை இரண்டு ஜோடி (செயற்கைப் புல்லில் தண்ணீர் அடிப்பார்கள், முதல் ஜோடி நனைந்துவிடும்), ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் மாட்டும் தடுப்பு), சட்டை. பல்லைக் காக்க வாய்க்குள் மாட்டும் பல் கார்டுதான் அதிகம் தொலைகிறது: கழுவிக் காயவைத்த குழாயடியிலேயே கிடக்கும். காய்ந்ததும் டப்பாவில் போட்டு ஷின் கார்டுக்குள் செருகிவிடுங்கள்.

கோல்கீப்பர் பையில் கிக்கர் (ஷூவுக்கு மேல் மாட்டும் தடித்த உறை), பேடு (காலில் கட்டும் மெத்தைத் தடுப்பு) இரண்டின் வார்களையும் எண்ணுங்கள். ஒரு வார் அறுந்தாலும் கிக்கர் திரும்பிக்கொள்ளும், பந்து கோணலாகத் தெறிக்கும். மாற்று வார் இரண்டு, மட்டைப் பிடியில் சுற்றும் கிரிப் டேப் ஒன்று பக்கப் பையிலேயே கிடக்கட்டும்.

– ஹாக்கி பயிற்சியாளர், கோவில்பட்டி