பனி ஊரிலும் தரையில் நிற்கும் பனை: தோண்டி எடுத்ததை வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுத் தமிழர்களின் வீட்டுத் தோட்டங்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் எடுப்பது, மல்லிகையைக் கவாத்து செய்வது எல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் பனி விழும் ஊர்களில் பனை வகை எதுவும் தரையில் நிற்காது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் உடன்குடிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். எங்கள் வீட்டு முன்புறம், தெற்குச் சுவரை ஒட்டி, தரையிலேயே ஒரு பனை நிற்கிறது. ஜனவரியில் அதைச் சுற்றி முழங்கால் அளவு பனி கிடக்கும். மேலே ஓலைகள் பச்சையாக இருக்கும். தெருவில் புதிதாகக் குடிவந்த பிள்ளைகள், "ஆன்ட்டி, இது பிளாஸ்டிக்தானே?" என்று கேட்டுவிட்டு, தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார்கள்.

இதற்கு இங்கே நீடில் பாம் என்று பெயர். நாங்கள் வீட்டில் ஊசிப்பனை என்கிறோம். தாவரவியலில் ராபிடோஃபில்லம் ஹிஸ்ட்ரிக்ஸ். அந்தப் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான். ஃபுளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலைனா, இந்த ஐந்து மாநிலங்களின் ஈரக் காடுகளிலும், நிழல் விழும் ஓடைச் சரிவுகளிலும் இயற்கையாக வளர்கிறது. உலகத்தில் உள்ள பனை வகைகளிலேயே குளிரை அதிகம் தாங்குவது இதுதான் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். வேர் நன்றாக ஓடிய செடி மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். எங்கள் பகுதி அமெரிக்க வேளாண் துறையின் வரைபடத்தில் ஏழாம் மண்டலம். அதாவது வருடத்தின் மிகக் குளிர்ந்த இரவு சராசரியாக மைனஸ் 12-க்கும் மைனஸ் 18-க்கும் இடையில் இருக்கும். 2016 பிப்ரவரி 14 அன்று பக்கத்திலே நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் மைனஸ் 18-ஐத் தொட்டது. அந்தக் குளிரில் எங்கள் செடியின் வெளி ஓலைகள் சில நுனி பழுத்தன. நடுக்குருத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நம்மூர்ப் பனை மாதிரி இது உயரமாகப் போகாது. தண்டு தரையோடு தரையாகவே இருக்கும். பக்கக் கன்றுகள் விட்டுப் புதராக, ஆள் உயரத்துக்கோ கொஞ்சம் கூடவோ வரும். ஓலை விசிறி மாதிரிதான், ஆனால் அடிவரை பிளந்திருக்கும், அடிப்புறம் லேசாக வெள்ளி பூசியது போல மின்னும். மட்டையில் கருக்கு கிடையாது, கையில் பிடித்தால் வழவழவென்று இருக்கும். அதை நம்பி உள்ளே கையை விட்டால் அவ்வளவுதான். நம்மூர்ப் பனையில் மட்டையின் அடியில் பன்னாடை இருக்குமே, அந்த இடத்து நார்தான் இதில் ஊசியாக நிமிர்ந்து நிற்கிறது. கறுப்பு நிறம், ஒரு சாண் நீளம், தையல் ஊசிக்குக் குறையாத கூர்மை. குருத்தைச் சுற்றி நாலா பக்கமும் அப்படித்தான். இலையுதிர் காலத்தில் ஓக் இலைகள் உள்ளே விழுந்து அடைத்துக்கொள்ளும். தோல் கையுறை போட்டுக்கொண்டு நீளமான இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பேன். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமே வருவதில்லை.

அந்த ஊசியில்தான் இந்தப் பனையின் கஷ்டமும் இருக்கிறது. பூ வருவதே ஊசிகளுக்குள் ஒளிந்துதான். பெரும்பாலும் ஆண் தனி, பெண் தனி. நம்மூர் அலகுப்பனை, பருவப்பனை போலவே. ஒரு சின்ன வண்டு மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. காய் பழுத்தாலும் விதை ஊசிகளுக்கு நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். எந்தப் பிராணியும் எளிதாக எடுத்துத் தின்ன முடியாது, தூரமாகக் கொண்டுபோய்ப் போடவும் முடியாது. தாய்ச்செடியின் மடியிலேயே முளைத்து, அதன் நிழலில் போராடி, பாதி செத்துப்போகும். விதை முளைக்கவே ஆறு மாதமும் ஆகும், இரண்டு வருடமும் ஆகும். இப்படி ஒரு செடியைக் காட்டில் தோண்டி எடுத்துவிட்டால் அந்த இடம் லேசில் மறுபடி நிரம்பாது.

தோண்டித்தான் எடுத்தார்கள். விதை போட்டு விற்கிற அளவுக்கு வளர்க்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காட்டில் வயதான புதர் தயாராக நிற்கிறது. மண்வெட்டியும் வண்டியும் போதும். அதோடு காடு வெட்டுவதும், ஈர நிலத்தை வடிப்பதும் சேர்ந்துகொண்டன. வணிகத்துக்காக அதிகம் சுரண்டப்படும் செடிகள் என்று ஃபுளோரிடா அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஊசிப்பனையும் உண்டு. பல நூறு வருடம் யாரும் சீண்டாமல் இருந்த செடி, வீட்டு முன் அழகுக்கு வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டதால் குறைந்திருக்கிறது. எனக்கு இது மனதை உறுத்துகிற விஷயம். நாங்கள் வடலியை, அதாவது இளம் பனையை, வெட்டினால் பாட்டியிடம் அடி வாங்குகிற ஊரில் வளர்ந்தவர்கள்.

அதனால் வாசகர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாங்குங்கள், கட்டாயம் வளர்த்துப் பாருங்கள். ஆனால் விதையிலிருந்தோ, நர்சரியில் பிரித்த பக்கக் கன்றிலிருந்தோ வளர்த்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நேர்மையான நர்சரிக்காரர் தயங்காமல் சொல்வார். பதிலில் மழுப்பல் தெரிந்தால் தொட்டியை லேசாகச் சாய்த்துப் பாருங்கள். தொட்டியிலேயே வளர்ந்த செடிக்கு வேர் மண்ணைச் சுற்றிப் பிடித்திருக்கும். பெரிய பழைய புதர், வெட்டுப்பட்ட தடித்த வேர், நேற்றுக் கொட்டியது போன்ற உதிரி மண் என்றால், அது காட்டிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். விலை மலிவாக இருந்தாலும் வேண்டாம். விதைக் கன்று சின்னதாக இருக்கும், விலையும் கூடத்தான்; அந்த விலையில் இன்னொருவர் பார்த்த பல வருட வேலை இருக்கிறது.

வசந்த காலம் வந்தால் பெரிய கடைகளில் வாசலிலேயே வரிசையாகப் பனைத் தொட்டிகளை வைப்பார்கள். அதில் பெரும்பாலும் மெஜஸ்டி பாம், அரேகா பாம். இரண்டும் மடகாஸ்கர் செடிகள். கோடை முழுக்க ஜோராக இருக்கும். நவம்பர் உறைபனி ஒன்று போதும், கறுத்துப் போகும். நம் ஆட்கள் வருடாவருடம் வாங்கி வருடாவருடம் தூக்கிப் போட்டுவிட்டு, "இங்கே பனை வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கட்டுரையின் அந்த வரியும் இப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வளர்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் உறைபனி பயம் போனபிறகு நடுங்கள். ஒரு கோடை முழுக்க வேர் ஓடினால்தான் முதல் குளிரைத் தாங்கும். செப்டம்பரில் தள்ளுபடி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்கி நடுவது வீண். வடமேற்குக் காற்று நேராக அடிக்காத இடமாக, வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தால் நல்லது. பாதி நிழல் போதும், வெயிலும் ஒத்துக்கொள்ளும். ஈரம் பிடிக்கும், ஆனால் தண்ணீர் தேங்கி அழுகக் கூடாது. கோடையில் தண்ணீர் தாராளமாக விடுங்கள். முதல் ஓரிரு குளிர்காலங்களுக்கு அடியில் ஓக் இலைச் சருகை ஒரு சாண் உயரத்துக்குக் குவித்து, ரொம்பக் குளிர்கிற இரவுகளில் மட்டும் சாக்குத் துணியால் சுற்றிவிடலாம். பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். உள்ளே ஈரம் அடைத்து, பகல் வெயிலில் வெந்து, ராத்திரி உறைந்து, குருத்து அழுகிப்போகும். எங்களைவிடக் குளிரான ஊர்க்காரர்கள் பழைய குண்டு பல்பு கிறிஸ்துமஸ் சரத்தைச் செடியைச் சுற்றிக் கட்டி, மேலே துணி போடுகிறார்கள். அந்த பல்பின் சூடுதான் வேலை செய்கிறது, எல்.இ.டி. சரம் அந்தச் சூட்டைத் தராது.

குளிர் முடிந்ததும் பழுத்த ஓலையைப் பார்த்துப் பதறி வெட்ட வேண்டாம். குருத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி நலம். கையோடு வந்துவிட்டால் அந்தத் தண்டின் முனை அழுகியிருக்கிறது. பனைக்கு ஒரு தண்டுக்கு ஒரே வளர்முனைதான். அது போனால் தண்டு போச்சு. ஊசிப்பனையில் ஒரு ஆறுதல், பக்கக் கன்றுகள் உண்டு; அடியிலிருந்து மறுபடி கிளம்பும்.

இன்னொன்று. குளிரைத் தாங்குகிறது என்பதற்காக எல்லா ஊருக்கும் இது ஏற்றது என்று நினைக்க வேண்டாம். இதற்கு ஜூலை மாதப் புழுக்கம் வேண்டும். லண்டனில் குளிர் எங்களைவிடக் குறைவு, ஆனாலும் கோடை சூடு போதாமல் நகரவே நகராது. லண்டன் வாசகர்களுக்கு சீனாவின் சூசன் பனை சரியாக வரும்; செடி சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் 1849-இல் சீனாவிலிருந்து அனுப்பிய காலந்தொட்டு அங்கே தோட்டங்களில் நிற்கிறது. அதே பனை சுவிட்சர்லாந்தின் டிச்சினோ காடுகளில் தானாகப் பரவி மற்றச் செடிகளை நெருக்குவதால், 2024 செப்டம்பர் 1 முதல் அந்த நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை. சூரிச் வாசகர்கள் அதைத் தேட வேண்டாம். டொரண்டோக்காரர்கள் ஊசிப்பனையை வெறுமனே தரையில் விட்டுவிட முடியாது. சூடு கொடுத்து மூடித்தான் காப்பாற்ற வேண்டும். ஊரிலிருந்து பனங்கொட்டையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரவும் வேண்டாம். அனுமதியில்லாமல் விதை கொண்டுவருவது சட்டத்துக்குப் புறம்பு, நம் பனை இந்த உறைபனியைத் தாங்கவும் தாங்காது.

எங்கள் செடி பூத்தபோது ஆண் என்று தெரிந்தது. துணைக்கு விதைக் கன்றுகள் நட்டிருக்கிறேன். அவை பூக்க இன்னும் வருடங்கள் ஆகும். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா பக்கம் பெண் ஊசிப்பனை வைத்திருக்கிற வாசகர்கள் யாராவது இருந்தால் தங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தெரியப்படுத்தச் சொல்லுங்கள். மகரந்தத்தைக் காயவைத்து ஃப்ரீசரில் எடுத்துவைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்குப் பூக்கும் சமயத்தில் தபாலில் அனுப்புகிறேன். ஊசிகளை விலக்கிவிட்டு ஒரு சின்னத் தூரிகையால் பூவில் தொட்டு வைத்தால் போதும். காய் பிடித்தால் பாதி விதை எனக்கு, பாதி அவர்களுக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி