லினக்ஸ் போடும்போது டிஸ்க் காணோமா? அவசரப்பட்டுப் புது டிஸ்க் வாங்காதீர்கள்

வணக்கம்.

கொஞ்ச நாளாக ஒரே புகாரோடு பலர் கடைக்கு வருகிறீர்கள், அதனால்தான் இந்த மடல். சர்வரில் புதிதாக லினக்ஸ் போட உட்கார்ந்தால், எந்த டிஸ்கில் போடுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலியாக நிற்கிறது. நேற்றுவரை அதே டிஸ்கில் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்திருக்கும். போச்சம்பள்ளி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் இப்படி ஆனதும், டிஸ்க் போய்விட்டது என்று நினைத்து இரண்டு புது டிஸ்க் வாங்கிப் போட்டுவிட்டார்கள். அதுவும் தெரியவில்லை. தெரியாதுதான், ஏனென்றால் கோளாறு டிஸ்கில் இல்லை, டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் இருக்கும் கண்ட்ரோலர் கார்டில். கார்டும் கெட்டுப்போகவில்லை. புது லினக்ஸில் அந்தக் கார்டுக்கான டிரைவர் (கார்டை இயக்க லினக்ஸுக்கு வேண்டிய சின்ன மென்பொருள்) இல்லை, அவ்வளவுதான்.

சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு அப்டேட் நின்றுவிட்டது, அதனால் எல்லோரும் ராக்கி, ஆல்மா என்ற லினக்ஸ்களுக்கு மாறுகிறீர்கள். இவை ரெட் ஹாட் என்ற கம்பெனியின் லினக்ஸ் வழியில் வருபவை. ரெட் ஹாட் தன் 8-ஆம் பதிப்பிலேயே (2019) பழைய கார்டுகள் பலவற்றுக்கு ஆதரவை எடுத்துவிட்டது. நம் பக்கம் பெங்களூரிலிருந்து வாங்கி வரும் பழைய சர்வர்களில் நிறைய இருக்கும் எல்எஸ்ஐ எஸ்ஏஎஸ்2008 என்ற கண்ட்ரோலர் சிப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. டிரைவர் ஃபைல் உள்ளே இருக்கும், ஆனால் அந்தச் சிப்பின் எண்ணை மட்டும் நீக்கியிருப்பார்கள், அதனால் கார்டைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடும்.

உறுதி செய்வது சுலபம். இன்ஸ்டால் திரையிலேயே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அதில் எல்எஸ்பிசிஐ என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, மைனஸ் என்என்கே சேர்த்து என்டர் தட்டுங்கள், எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். ரெய்டு (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறை) அல்லது எஸ்ஏஎஸ் (சர்வர் டிஸ்குகளை இணைக்கும் முறை) என்று வரும் வரியின் கடைசியில் 1000:0072 மாதிரி ஒரு எண் இருக்கும் (இது எஸ்ஏஎஸ்2008-இன் எண்). அதற்குக் கீழே எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்ற வரியே இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம், டிரைவர்தான் பிரச்சினை. கார்டே பட்டியலில் இல்லையென்றால் அது வேறு கதை, கார்டைக் கழற்றி ஸ்லாட்டில் சரியாக உட்கார வைத்துப் பாருங்கள்.

டிரைவர்தான் என்றால் என்ன செய்வது? எங்கள் அபிப்பிராயத்தில் நல்ல வழி, ஆல்மா 9.4 அல்லது அதற்குப் பிந்தைய 9 பதிப்பு. 2024 மே மாதம் வந்த அந்தப் பதிப்பில், நீக்கிய பழைய கார்டுகள் பலவற்றை ஆல்மாக்காரர்கள் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். டெபியன், உபுண்டுவில் இந்தச் சிப்புக்கு டிரைவர் எடுக்கப்படவே இல்லை, உங்கள் மென்பொருள் அதில் ஓடுமானால் அதுவும் சரி. ராக்கிதான் வேண்டும் என்பவர்கள், இந்த மாதிரி டிரைவர்களைத் தனியாகத் தயாரித்துத் தரும் எல்ரெப்போ என்ற குழு தரும் டிரைவர் டிஸ்கைப் பென் டிரைவில் ஏற்றி, பூட் வரியில் இன்ஸ்ட் புள்ளி டிடி என்று சேர்த்துக் கொடுக்கலாம். செக்யூர் பூட் (நம்பகமான சாவியில் கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) போட்டிருந்தால் அது அந்த டிரைவரை ஏற்காது, எல்ரெப்போவின் சாவியை முதலில் பதிய வேண்டும். அப்புறம் ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் முன்னால் புது கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) பொருந்தும் டிரைவர் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பார்க்காமல் அப்டேட் போட்டு மறுநாள் காலை பூட் ஆகவில்லை என்று போன் வருவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

டிரைவர் இருந்தும் டிஸ்க் வரவில்லையென்றால், ரெய்டு கார்டின் சொந்த மெனுவுக்குள் போய், டிஸ்குகளைச் சேர்த்து விர்ச்சுவல் டிஸ்க் உருவாக்கியிருக்கிறதா என்று பாருங்கள், பல கார்டுகள் அது இல்லாமல் லினக்ஸுக்கு எதையும் காட்டாது. கார்டே இல்லாமல் பயாஸில் மட்டும் ரெய்டு என்று வைத்திருக்கும் சின்ன மிஷின்களில் அதை ஏஎச்சிஐ (டிஸ்குகளைத் தனித்தனியாகக் காட்டும் முறை) என்று மாற்றிவிட்டு, லினக்ஸின் எம்டிஏடிஎம் என்ற கருவியை வைத்து ரெய்டு அமைப்பதே மேல். ஆனால் அதில் ஏற்கெனவே விண்டோஸோ டேட்டாவோ இருந்தால் பேக்கப் எடுக்காமல் மாற்றாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். கார்டை மாற்றினாலோ, டிஸ்கை வேறு சர்வருக்கு மாற்றினாலோ, ஃபாரின் கான்ஃபிகரேஷன் (வேறு கார்டில் அமைத்த ரெய்டு விவரம் டிஸ்கில் இருக்கிறது) என்று கார்டு கேட்கும். இம்போர்ட், கிளியர் என்று இரண்டு வழி காட்டும். கிளியர் அழுத்தாதீர்கள். அது ரெய்டு அமைப்பின் விவரத்தையே அழித்துவிடும், உள்ளே இருக்கும் பல வருடக் கணக்கை அப்புறம் மீட்பது பெரும்பாடு. எது என்று தெரியவில்லையென்றால் மிஷினை அணைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள், ராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

சர்வரை வண்டியில் ஏற்றிக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுவர வேண்டிய அவசியமில்லை. அந்தக் கறுப்புத் திரையை ஒரு போட்டோ, கார்டின் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், எந்த லினக்ஸ் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறோம், இதற்குக் காசு கிடையாது. மாங்கூழ் ஆலைக்காரர்கள் மட்டும் சீசன் தொடங்குவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.